ஈசான மூலையில் பன்னிரண்டு கக்கூசுகள்

"அம்மா, பிள்ளையாருக்கு ஒண்டுக்கு வந்தால் எங்க போவார்?"

கம்சனா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. கேள்வியில் பிழையில்லை. கேட்ட இடம்தான் பிழை. ஜெர்மனியில், வான்ஹோர்ஸ்ட் பிள்ளையார் கோயிலின் தேர் நகரத்தின் பெரிய சந்தியில் நின்றுகொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதற்காக வாத்தியத்தை இறக்கியிருந்தார். தவில்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சனம் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தைப் பார்த்துத்தான் பிள்ளை கேட்டது.

இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கப் போய் இருமினார். கோயில் நிர்வாக சபைத் தலைவர் பரராசசிங்கம் வடத்தைப் பிடித்தபடியே திரும்பி, "ஆற்ற பிள்ளை இது?" என்றார். ஜெயமலர் தன் மகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்பவள்போல வானத்தைப் பார்த்தாள்.

வீதியோரத்தில் ஒரு லொறி நின்றது. அதில் சாய்ந்தபடி, அரைக் காற்சட்டையும் ஆரஞ்சு நிற ரீசேட்டும் போட்ட ஓர் உயரமான வெள்ளைக்காரர் நின்றார். திருவிழாவுக்குப் பெட்டிக் கக்கூசுகளை வாடகைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பெயர் கெரிட் போல்மான். சனம் ஏன் நெளிகிறது என்று அவர் ஜெயமலரிடம் கேட்டார். பொய் சொல்லுமளவுக்கு அவளுக்கு அப்போது ஜெர்மன் வராது. உள்ளதைச் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. பிள்ளையின் கால்களைப் பார்த்தார். பட்டுப்பாவாடைக்குள் இரண்டு கால்களும் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொண்டு நின்றன.

"அவசரம் கடவுளுக்கு இல்லை" என்றார்.

வேறெங்கோ கொடுப்பதற்கென்று லொறியில் ஏற்றி வைத்திருந்த ஒரு புதுப் பெட்டியை இறக்கி, நிமிர்த்தி, கதவைத் திறந்துவிட அவருக்கு நாலு நிமிடம் பிடித்தது. நாலு நிமிடம் பிந்திவிட்டது. அவர் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தார். பிறகு லொறியின் பின்கதவைப் பாதி திறந்து மறைப்பாக்கிக்கொண்டு, அதற்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஜெயமலர் பாவாடையை அலசிப் பிழிந்து மகளுக்குக் கட்டி முடிக்கும்வரை, ஆறடி நாலங்குல உயரமுள்ள அந்த முதுகு அசையவில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தாயும் மகளும் வெளியே வந்தபோது பெட்டிக்கு முன்னால் ஏழு அம்மாமார் வரிசையில் நின்றார்கள். இரண்டரைக் கிலோமீற்றர் தூரம், மூன்று மணித்தியாலம் தேர் இழுக்கிற இடத்தில் வழியில் ஒரு கக்கூசுகூட இல்லை என்பதை அதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய நிர்வாக சபையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

அடுத்த வருடம் கெரிட் கோயில் கேட்ட பன்னிரண்டு பெட்டிகளோடு, கேளாத பதின்மூன்றாவது ஒன்றையும் கொண்டுவந்தார். அதைப் பெரிய சந்தியில் வைத்துப் பூட்டி, திறப்பை ஜெயமலரின் கையில் வைத்தார்.

"இது உங்கள் பிள்ளையாருக்கு. அவர் வராவிட்டால் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு" என்றார். பிறகு, "நீ எங்கே வேலை செய்கிறாய்?" என்று கேட்டார்.

அவள் ஒரு ஹோட்டலில் அறை துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் கழித்து அவருடைய கம்பனிக் கந்தோரில் வரும் தொலைபேசிகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள். எந்தப் பெட்டி எந்தக் கல்யாணத்துக்கு, எந்தப் பெட்டி எந்தக் கட்டட வேலைக்கு என்று தீர்மானிக்கிறவளாக ஆவதற்கு இரண்டு வருடம் சென்றது. அவர் ஒல்லாந்தர், எல்லோரையும் முதல் நாளே நீ, நான் என்பார். அவள் ஏழு வருடம் அவரை நீங்கள் என்றாள். அதற்குப் பிறகும் நீங்கள் என்றுதான் சொன்னாள். கூப்பிடுவது மட்டும், ஜெர்மன்காரர் முதலாளியைச் சொல்லுகிற மாதிரி, "ஷெஃப்" என்று.

கோயிலில் பரராசசிங்கம் சொல்லுவார்: "ஒல்லாந்தர் எங்கட ஊரில நூற்றுச் சொச்சம் வரியம் இருந்தவை. போகேக்க ஒரு கோட்டையையும் கக்கூஸ் எண்ட சொல்லையும் விட்டிட்டுப் போனவை. சாமானை விட மறந்திட்டினம். அதைத்தான் இந்த மனிசன் இப்ப லொறியில கொண்டு திரியிறார்."

அந்தச் சொல்லின் கதையை ஜெயமலர் சொன்னபோது கெரிட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருடைய பாட்டனார் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி பேச்சு வாங்குவாராம். அடுத்த திருவிழாவில் பதின்மூன்றாவது பெட்டியின் கதவில், தமிழில், பெரிய எழுத்தில் கக்கூஸ் என்று ஒட்டியிருந்தது.

கெரிட் அரசியலுக்கு வந்ததும் அந்த வாசலால்தான். ஒரு தை மாதம் ரைன் நதி பெருகி, வான்ஹோர்ஸ்ட் பழைய நகரப் பகுதியில் குழாய்களுக்குள் போனதெல்லாம் திரும்பி வந்தது. மேயர் அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் முடிவதற்குள் கெரிட் நாற்பது பெட்டிகளைத் தெருத்தெருவாக இறக்கியிருந்தார். வாடகை கேட்கவில்லை. அடுத்த தேர்தலில், வான்ஹோர்ஸ்ட் குடிமக்கள் அணி என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஒன்பது ஓய்வூதியக்காரர்கள் அவரை நகரசபைக்கு நிறுத்தினார்கள். ஒல்லாந்துக் கடவுச்சீட்டோடு ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க முடியாது, ஆனால் குடியிருக்கிற ஊரின் நகரசபைக்கு நிற்கலாம் என்பது அன்றைக்குத்தான் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. மற்றப் பாதிக்கு இன்னும் நம்பிக்கை இல்லை.

அவருடைய சுவரொட்டியில், சிரிக்கிற படத்துக்குக் கீழே, ஒரே ஒரு வரி: "எங்கே அவசரம் என்று எனக்குத் தெரியும்."

நகரசபையில் அவர் பேசிய முதல் பேச்சு, ஆரம்பப் பள்ளியின் கக்கூசுகளைப் பற்றியது. பிள்ளைகள் வீடு வரும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். உறுப்பினர்கள் சிரித்தார்கள். அவர் அடுத்த கூட்டத்திலும் அதையே பேசினார். அதற்கடுத்த கூட்டத்திலும். பதினோராவது தடவை, இனி இதைக் கேட்க ஏலாது என்று சபை ஏகமனதாகப் பணம் ஒதுக்கியது. அவர் அறிந்த அரசியல் அவ்வளவுதான். போகப் போக அவரை மூன்றாவது துணைமேயர் ஆக்கினார்கள். தொண்ணூறு வயதான கிழவிகளின் பிறந்தநாளுக்குப் பூங்கொத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொள்ளுகிற பதவி அது. ஒல்லாந்தில் கோப்பிக்கு ஒரு பிஸ்கட் தந்துவிட்டு டின்னை மூடிவிடுவார்கள், இங்கே மூன்று கேக் தருகிறார்கள், ஜெர்மனிக்கு வந்ததில் அதுதான் லாபம் என்று அவர் ஜெயமலரிடம் சொல்வார்.

ஒவ்வொரு தேர்தலிலும் தன்னுடைய சுவரொட்டிகளைத் தானே ஏணி வைத்து ஏறி விளக்குக்கம்பங்களில் கட்டுவார். தேர்தல் முடிந்த மறுநாள் விடியவே எல்லாவற்றையும் தானே இறக்கிவிடுவார். நகரசபை ஒரு கிழமை தவணை தரும். மற்றக் கட்சிகள் அந்தக் கிழமையையும் தாண்டி இழுத்துக்கொண்டிருக்கும். "விருந்து முடிந்தால் பெட்டியை எடுக்க வேண்டும். மறுநாளும் நின்றால் நாறும்" என்பது அவருடைய கொள்கை.

இந்த வருடம் அவர் மேயர் பதவிக்கு நின்றார். அறுபத்தேழு வயது. வலது முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்யச் சொல்லி வைத்தியர் நாள் குறித்திருந்தார், அவர் அதைத் தேர்தலுக்கு அப்பால் தள்ளி வைத்திருந்தார். முழங்கால் அப்படியிருந்தும் நூற்றுநாற்பது கம்பங்களில் ஏறினார். வெல்லக்கூடும் என்று ஊர் பேசியது. எதிரே நின்றவர்களில் முக்கியமானவர் ஒரு வழக்கறிஞர் அம்மா. நல்ல மனுஷி, அதுதான் அவரோடு இருந்த பெரிய சிக்கல்.

கோயிலும் இந்த வருடம் பெரிதாகியிருந்தது. தொழிற்பேட்டையில் ஒரு பழைய அச்சகத்தை வாங்கி, இளவேனிலில் கும்பாபிஷேகம் செய்து, ஆவணி கடைசியில் முதல் தேர். பாதுகாப்புத் திட்டத்தைக் கெரிட் வரைந்து கொடுத்தார். ஜெயமலர்தான் ஆன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதி, நகரசபையின் ஒழுங்குப் பிரிவில் அனுமதி எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டு பெட்டிகளும் கோயில் வளவின் வடகிழக்கு மூலையில் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் காற்று மேற்கிலிருந்துதான் வரும். அந்த மூலையில் வைத்தால் மணம் சனத்தின் பக்கம் வராது. முப்பது வருடத் தொழில் கணக்கு அது.

தேருக்கு முந்தின நாள் மத்தியானம் பரராசசிங்கம் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, என்ன இது? ஈசான மூலையில கக்கூஸ் நிக்குது."

"ஓம் அண்ணை. காத்துக்காக அங்க வைச்சது."

"காத்துக்கு வைச்சியள் சரி. கடவுளுக்கு? கும்பாபிஷேகம் செய்து ஆறு மாசம் ஆகேல்லை. சுவாமி இருக்கிற மூலையில பன்னிரண்டு கக்கூசை அடுக்கினால் ஐயர் தேரில ஏறமாட்டன் எண்டு நிக்கிறார்."

"திட்டத்தில அப்பிடித்தான் அண்ணை போட்டுக் குடுத்தது. மாத்திறதெண்டால் கேக்க வேணும்."

"ஆரை? ஒல்லாந்தரையோ? அந்தாளுக்கு வாஸ்து விளங்கப்படுத்த எனக்கு இனி ஒரு பிறவி வேணும். கொஞ்சம் அங்கால தள்ளினால் காணும். நிருதி மூலை சும்மாதானே கிடக்கு. பெடியள் ஃபோர்க்லிஃப்ட் வைச்சிருக்கிறாங்கள்."

ஜெயமலர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கெரிட்டின் வாகனம் இல்லை. பிறந்தநாள் வீடுகளுக்குப் போயிருந்தார். பரராசசிங்கம் போன்ற எழுபது வயது மனிதரிடம், சுவாமி விஷயத்தில், முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் அவளுடையது. ஒரு கக்கூஸ் ஐம்பது மீற்றர் தள்ளி நின்றால் உலகம் கவிழ்ந்துவிடுமா?

"சரி அண்ணை. கவனமாத் தள்ளுங்கோ" என்றாள்.

தென்மேற்கிலிருந்த அந்த நிருதி மூலை சும்மா கிடக்கவில்லை. அது தீயணைப்பு வாகனங்களும் அம்புலன்சும் வருவதற்கென்று விட்டிருந்த பாதை. நிலத்தில் எழுதியிருந்ததை, பெடியள் முதல் பெட்டியை அதன்மேல் வைத்து மறைத்துவிட்டார்கள்.

மறுநாள் தேர் வாசலில் நின்றபோது, டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஒரு முதியவர் விரதமும் வெயிலுமாகச் சேர்ந்து மயங்கி விழுந்தார். அம்புலன்ஸ் வந்தது. பாதையில் பன்னிரண்டு நீலப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பெரிய வெள்ளை எழுத்தில் போல்மான், போல்மான், போல்மான். அம்புலன்ஸ் பின்னால் போய், சுற்றி, முன்வாசலால் வர நாலு நிமிடம் பிந்தியது. அதற்குள் முதியவர் எழுந்து, மோர் குடித்து, எனக்கு என்ன, தேரை இழுங்கோ என்று சுற்றியிருந்தவர்களைப் பேசிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் ஒரு தீங்கும் வரவில்லை.

ஆனால் யாரோ படம் எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் முக்கால் பக்கத்துக்கு வந்தது. அம்புலன்சுக்கு முன்னால் பன்னிரண்டு போல்மான்கள். கீழே அவருடைய தேர்தல் வரி மட்டும்: "எங்கே அவசரம் என்று எனக்குத் தெரியும்."

புதன்கிழமை காலை ஜெயமலர் அவருடைய அறைக்குள் போனாள். அவர் பாணில் வெண்ணெய் பூசி, அதன்மேல் சொக்லேட் துகள் தூவிக்கொண்டிருந்தார். காலைச் சாப்பாடு அவருக்கு என்றைக்கும் அதுதான். சாரதிகள் இருவரையும் அவர் ஏற்கெனவே விசாரித்திருந்தார். திட்டத்தில் உள்ள இடத்தில்தான் வைத்தோம் என்று அவர்கள் சத்தியம் செய்திருந்தார்கள்.

"ஷெஃப், நான்தான்" என்றாள் அவள்.

முழுவதையும் சொன்னாள். அவர் துகள் சிந்தாமல் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் அந்த மூலை கூடாது?"

"அது கடவுளின் மூலை."

"நான் காற்றைப் பார்த்தேன்."

"அவர்கள் கடவுளைப் பார்த்தார்கள்."

"தீயணைப்பு வண்டியை ஒருவரும் பார்க்கவில்லை." அவர் கையைத் துடைத்தார். "என்னிடம் கேட்டிருக்கலாமே, ஜெயா."

"கேட்டிருக்கலாம். நீங்கள் மூன்று கிழவிகளின் பிறந்தநாளுக்குப் போயிருந்தீர்கள்."

"நான்கு" என்றார். "ஒருத்தி நூற்றொன்று. என்னோடு நடனமாடினாள்."

அவள் அழவில்லை. இன்றைக்கே நகரசபைக்குப் போய் உள்ளதைச் சொல்லப் போவதாகச் சொன்னாள். கையில் எழுதிய கடிதமும் இருந்தது. அவர் அதை வாங்கிப் படித்தார். இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பவர்போல இரண்டு தடவை படித்தார்.

"அனுமதிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? நீதானே வாங்கினாய்."

அவளுக்கு மனப்பாடம். விழா நடத்துகிறவர்கள் தாங்களாகவே திட்டத்தை மாற்றினால், அடுத்த வருடம் ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை. பெட்டி கொடுத்தவர் பிழையாக வைத்திருந்தால், அவருக்கு ஒரு தண்டம். அவ்வளவுதான்.

"அப்படியானால் இந்தக் கடிதம் கோயிலைப் பூட்டுகிற கடிதம்" என்றார். "உங்கள் கடவுளுக்கு வருடத்தில் ஒருநாள்தான் வெளியே வர அனுமதி. எனக்குத் தினமும் இருக்கிறது."

"நீங்கள் தோற்றுவிடுவீர்கள், ஷெஃப். இருபது வருடம் உழைத்தீர்கள்."

"தெரியும்" என்றார். அந்த ஒரு சொல்லில் வேடிக்கை இருக்கவில்லை. மேயர் அறையின் ஜன்னலிலிருந்து ஆற்றைப் பார்க்கலாம் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவள் அதை நினைத்தாள். அவரும் நினைத்திருக்க வேண்டும். மிச்சப் பாணைத் தள்ளி வைத்தார். பிறகு கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேட்பாளர் கூட்டம் நடந்தது. மண்டபம் நிறைந்த சனம். ஜெயமலர் மூன்றாம் வரிசையில், கைப்பையில் கடிதத்தோடு இருந்தாள். அவர் என்ன சொன்னாலும் தான் எழுந்து சொல்லிவிடுவது என்று பிள்ளையாரிடம் நேர்ந்துகொண்டு வந்திருந்தாள். வழக்கறிஞர் அம்மா அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. பின்வரிசையில் இருந்த ஒருவர்தான் எழுந்து கேட்டார்: "திரு. போல்மான், பன்னிரண்டு கழிப்பறையை ஒழுங்காக வைக்கத் தெரியாதவரிடம் ஒரு நகரத்தைக் கொடுக்கலாமா?"

சிரிப்பு அடங்கும்வரை கெரிட் காத்திருந்தார்.

"அவை என் பெட்டிகள். அவை நின்ற இடத்துக்கு நான் பொறுப்பு" என்றார்.

இரண்டு வசனம். இரண்டிலும் பொய் இல்லை என்பதை ஜெயமலர் கவனித்தாள். கவனித்தபடியே எழுந்தாள். வாயைத் திறக்கப் போனாள். கெரிட் ஒலிவாங்கியை இன்னும் கிட்ட இழுத்தார்.

"மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா அவசரமாக எழுந்துவிட்டார். அம்மா, கழிப்பறை வலது பக்கம், படிக்கட்டுக்குக் கீழே. அது நான் வைத்தது இல்லை, அதனால் சரியான இடத்தில் இருக்கும்."

மண்டபமே அதிர்ந்தது. கேள்வி கேட்டவரும் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் ஜெயமலரின் குரல் போன இடம் தெரியவில்லை. காது சிவக்க உட்கார்ந்தாள். மேடையில் அவர் அவள் பக்கம் பார்க்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

முதல் சுற்றில் ஒருவருக்கும் பாதி வாக்குக் கிடைக்கவில்லை. வழக்கறிஞர் அம்மாவுக்கு அடுத்து கெரிட் இரண்டாவதாக வந்தார். இரண்டு கிழமை கழித்து, செப்டெம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இருவருக்கும் இடையே மட்டும் மறுபடி வாக்களிப்பு. அந்த இரண்டு கிழமையும் அவர் முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு வீடுவீடாக ஏறி இறங்கினார். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூடக் கதவுகளை மூடினார்கள். எட்டு மணிக்கு முடிவு வந்தது. அறுபத்தொரு வாக்கால் தோற்றார்.

திங்கட்கிழமை காலை பரராசசிங்கம் கந்தோருக்கு வந்தார். கையில் ஒரு டப்பா நிறைய நவராத்திரிக் கடலை.

"எங்க பிள்ளை, அவர்?"

"இன்னும் வரேல்லை அண்ணை."

"கேள்விப்பட்டன். மெத்தக் கவலை. எங்களுக்காக அந்த மனிசன் வாயைத் திறக்கேல்லையெல்லே. சபையில கதைச்சனாங்கள். ஒரு நாள் கூப்பிட்டு வடிவா ஒரு பொன்னாடை போர்த்துவம்."

"அண்ணை, நீங்கள் நேற்று வோட்டுப் போட்டனீங்களே?"

அவர் கடலை டப்பாவின் மூடியைத் திறந்து, திரும்பவும் மூடினார்.

"அது பிள்ளை, நேற்றுக் கோயிலில விசேஷ அர்ச்சனை. அவற்ற வெற்றிக்குத்தான் வைச்சது. சகஸ்ரநாமம். நட்சத்திரம் தெரியேல்லை, ஐயர் தானா ஒண்டு போட்டுச் சொன்னவர். சனம் நல்லா வந்தது. எல்லாம் முடிஞ்சு, சாப்பிட்டு எழும்ப ஆறரை. போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கு."

"வந்த ஆக்களில எத்தினை பேருக்கு இஞ்ச வோட்டு இருக்கும்?"

"எழுபது, எழுபத்தைஞ்சு இருக்கும். ஏன், எத்தினையால தோற்றவர்?"

"அறுபத்தொண்டு."

வெளியே ஒரு சாரதி பெட்டிகளுக்குத் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. பரராசசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவற்ற பேரில ஆயிரத்தெட்டு நாமம் சொன்னம் பிள்ளை. பிள்ளையார் ஏன் இப்பிடிச் செய்தவர்?"

"பிள்ளையாருக்குப் பாஸ்போட் இல்லை அண்ணை. வோட்டு எங்கட கையிலதான் தந்தவர்."

அவர் தலை குனிந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "நான் நகரசபைக்குப் போய் உள்ளதைச் சொல்லட்டோ?" என்று கேட்டார். குரல் சின்னதாயிருந்தது.

"இப்ப சொன்னால் அவர் தோற்றதும் வீணாப் போயிடும். பேசாமல் போங்கோ அண்ணை. கடலையை வைச்சிட்டுப் போங்கோ, அவருக்குக் கடலை விருப்பம்."

கெரிட் அன்று பத்து மணிக்கு வந்தார். எட்டு மணிக்கு வருகிறவர். செவ்வாயும் பத்து மணி. அவருடைய வாகனத்தின் சில்லுகளில் சேறு அப்பியிருந்ததை ஜெயமலர் கண்டாள். நகரத்துக்குள்ளால் வந்தால் சேறு ஏறாது. அவர் பெரிய வீதியை விட்டு, ஆற்றங்கரை அணைக்குப் பின்னால், வயலுக்குள்ளால் சுற்றி வருகிறார். காரணம் அவளுக்கு உடனே விளங்கியது. வழக்கறிஞர் அம்மாவின் சுவரொட்டிப் படங்களை அந்த அம்மாவின் ஆட்கள் திங்கள் மாலையே இறக்கிவிட்டார்கள். இப்போது வான்ஹோர்ஸ்ட் முழுவதும் கம்பத்துக்குக் கம்பம் கெரிட் ஒருவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அணியின் ஒன்பது பேரில் ஏணியில் ஏறக்கூடியவர் எவருமில்லை. அவருக்கோ முழங்கால். முழங்கால் இல்லாவிட்டாலும் இந்த முறை ஏறியிருப்பாரா என்பது சந்தேகம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், அரச விடுமுறை. கடைகள் பூட்டு. காலையிலிருந்தே விடாத மழை. இப்படியொரு நாளில் வான்ஹோர்ஸ்டில் நாய்கூட வெளியே வராது. ஜெயமலர் கணவனிடம் கந்தோரில் வேலை கிடக்கிறது என்று சொன்னாள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து கம்சனா தொலைபேசி எடுத்தபோதும் அதையே சொன்னாள். மகள், "விடுமுறையில என்னம்மா அப்பிடி அவசரம்?" என்றாள். "ஆரோ வரச் சொன்னவை" என்று சொல்லி ஜெயமலர் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கம்பனி வானில் ஏணியையும் வெட்டுக்குறட்டையும் ஏற்றினாள். பெட்டிகளில் கிறுக்கியிருப்பதை அழிக்கிற மருந்துப் போத்தலும் துணியும் வானில் எப்போதும் இருக்கும். இந்தத் தொழிலில் அது இல்லாமல் ஏலாது.

ரயில் நிலையத்தில் தொடங்கினாள். ஒவ்வொரு கம்பத்திலும் நாலு பிளாஸ்டிக் கட்டு. கெரிட் கட்டினால் இரண்டு போதாது, நாலு வேண்டும். வெட்டிய துண்டுகளை நிலத்தில் விடாமல் பொறுக்கி மழைச்சட்டைப் பைக்குள் போட்டாள். முப்பதாவது கம்பத்தில் விரல் மரத்தது. அறுபதாவதில் ஏணி வழுக்கி, கையைச் சிராய்த்துக்கொண்டாள். அறுபத்தோராவதில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினாள். மத்தியானம் வானுக்குள் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டாள். பின்னால் எழுபத்தெட்டுக் கெரிட்கள் அடுக்கியிருந்தார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட ஒரு மாதிரியாக இருந்தது. திரும்பியிருந்து சாப்பிட்டாள்.

கடைசிப் படம் பெரிய சந்தியில் இருந்தது. வருடாவருடம் பதின்மூன்றாவது பெட்டி நிற்கிற இடத்துக்கு நேர் மேலே. ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கறுப்பு மார்க்கரால் யாரோ அவருடைய கழுத்தைச் சுற்றி ஒரு கக்கூஸ் இருக்கையை மாலைபோலக் கீறியிருந்தார்கள். மூடியும் இருந்தது. நன்றாகத்தான் கீறியிருந்தார்கள். அவர் பார்த்திருந்தால் முதலில் சிரித்திருப்பார். அதற்குப் பிறகுதான் வயலுக்குள்ளால் போகத் தொடங்கியிருப்பார். பார்த்துத்தான் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

பிளாஸ்டிக் கட்டுகளை வெட்டிப் படத்தை இறக்கினாள். வானின் பின்பக்கம் கொண்டுபோய், மழை படாமல் இருப்பதற்காகப் பின்கதவைப் பாதி இழுத்துவிட்டு, குந்தியிருந்து படத்தை மடியில் வைத்தாள். நாளைக்குக் குப்பைக்குப் போகப் போகிற பிளாஸ்டிக் மட்டை. இனி அதை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. மருந்தை அடித்து, எண்ணி அரை நிமிடம் விட்டு, துணியால் துடைத்தாள். முதலில் மூடி போனது. பிறகு வளையத்தின் இடப்பக்கம். மார்க்கர் மை முரண்டு பிடித்தது. அழுத்தித் தேய்த்தால் படமே உரிந்துவிடும், அதனால் வட்டம் வட்டமாக, மெல்ல. தாடைக்குக் கீழே ஒரு கோடு மட்டும் கனநேரம் நின்றது. துணியின் சுத்தமான முனையை மடித்து அதையும் எடுத்தாள்.

சந்தியில் விளக்குகள் ஒருவருக்கும் இல்லாமல் சிவந்து பச்சையாகிக்கொண்டிருந்தன. அவள் அவருடைய கழுத்தை ஒருதரம் ஈரம்போகத் துடைத்து, படத்தை மற்றவற்றின் மேலே, முகம் மேலே பார்க்க வைத்து, கதவைச் சாத்தினாள்.